மேஸ்திரியைக் கேளுங்கள்: நடுவில் நிற்கும் முட்டு

(காரைக்குடிப் பக்கம் நாற்பது ஆண்டுகள் கொத்து வேலையும் ஒப்பந்த வேலையும் பார்த்த மேஸ்திரி, வாசகர்களின் கட்டட வேலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மேஸ்திரி அண்ணே, எங்கள் அரிசி ஆலைக்குப் பின்னால் நெல் காயவைக்க 30 அடிக்கு 60 அடியில் கான்கிரீட் களம் போடப் போகிறோம். கனம் 5 அங்குலம். ஓரத்தில் பலகை அடித்துவிடலாம், சரி. நடுவில் மட்டம் எதை வைத்து இழுப்பது? 30 அடிக்கு மட்டப்பலகை கிடையாதே. “நடுவில் செங்கல்லை வைத்து அதன்மேல் பைப்பைப் போட்டுக்கொள்வோம், கான்கிரீட்டோடு கிடந்துட்டுப் போகட்டும்” என்கிறார் கொத்தனார். கிடக்கலாமா?
ஒரு வாசகர், புதுவயல்

பதில்: கிடக்கக் கூடாது, தம்பி. செங்கல் இருக்கிற இடத்தில் உங்கள் தளம் 5 அங்குலம் கிடையாது. கல்லின் உயரம் போக மிச்சம் என்னவோ அதுதான். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் நாலு நடை வந்து போனால் கல் இருந்த இடமெல்லாம் விரிசலாகக் காட்டிக்கொடுத்துவிடும். பைப்பின் கதை இன்னும் மோசம். இரும்பு துருப்பிடித்தால் ஊதும். ஊதுவதற்கு இடம் வேண்டுமே? மேலே இருக்கிற கான்கிரீட்டைப் பிளந்துகொண்டுதான் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அகலமான தளத்தில் சிக்கலே அந்த நடு இடம்தான். இரண்டு ஆள் பிடித்து இழுக்கிற அலுமினிய மட்டப்பலகை 8, 9 அடி வரைக்கும் ஒழுங்காக வேலை செய்யும். அதைத் தாண்டினால் நடுவில் தொய்யும். தொய்ந்த பலகை இழுத்த தளத்தில் மழைத் தண்ணீர் குளம் கட்டும். அதனால் நடுவில் தண்டவாளம் மாதிரி ஒன்று வேண்டும். ஊற்றும் வரை அது அசையக் கூடாது. ஊற்றி முடித்ததும் இருந்த தடம் தெரியாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 1994 வைகாசி. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி மண்டபத் தரை, 26 அடி அகலம். ஒரு அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தளத்தின் மேல்மட்டத்துக்குச் சரியாக வைத்து, அடியில் கம்பித் துண்டுகளைத் தரையில் அடித்து முட்டுக் கொடுத்திருந்தேன். பைப்பின் மேல் பலகையை வைத்து இழுப்பது, இழுத்ததும் பைப்பை உருவிவிடுவது, அந்த வாய்க்காலில் கலவையைப் போட்டுத் தேய்ப்பது என்று திட்டம். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அதுவே முதல் தப்பு. வைகாசி வெயிலில் பத்து மணிக்கு யாராவது தளம் ஊற்றுவார்களா? ஒரு மணிக்கு மண்டபத்துக்காரர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். முக்கால் மணி நேரம்தான். திரும்பி வந்து பார்த்தால் கடைசியாக வைத்த இரண்டு பைப்பும் வரவில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினோம், அசையவில்லை. சங்கிலி போட்டு இழுத்தபோது பைப்பு வந்தது, கூடவே இரண்டு பக்கமும் கையகலக் கான்கிரீட்டும் பெயர்ந்து வந்தது. சிமெண்ட்டை அள்ளிப் போட்டு, கெட்டிச் சாந்து பூசி, மேலே நீட்டாகத் தேய்த்துவிட்டேன். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் இரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதற்கு அடுத்த வருஷம் கோடு பொரிய ஆரம்பித்தது. இன்றைக்கும் அந்த மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால் என் கண் இலைக்குப் போகாது, தரைக்குத்தான் போகும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். படம் போட இடமில்லை என்கிறார் ஆசிரியர், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தண்டவாளப் பைப்பைக் கான்கிரீட்டுக்குள் முக்கவே முக்காதீர்கள். தளத்தின் மேல்மட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் உயரத்தில் அது அந்தரத்தில் நிற்கட்டும். அதைத் தாங்குவதற்கு 16 மில்லி ராடு, ஒன்றே முக்கால் அடி நீளம், ஒரு முனையைக் கூராக்கிக்கொள்ளுங்கள். வரி போட்ட முறுக்குக் கம்பி வேண்டாம். அந்த வரி கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்வதற்காகவே போட்டது. அதைக் கொண்டுபோய் நட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறது என்று கோபித்து என்ன செய்ய? வரியில்லாத மொழுமொழு ராடாகக் கேட்டு வாங்குங்கள். முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பில் ஒரு அங்குலத் துண்டு வெட்டி, அதன் தலையில் பைப்பு உட்காருகிற மாதிரி அரைவட்ட வளையம் ஒன்றை வெல்டு வைக்கச் சொல்லுங்கள். துண்டின் பக்கவாட்டில் ஒரு துளை, அதன்மேல் ஒரு நட்டு, அதற்குள் ஒரு போல்ட்டு. இந்தத் துண்டை ராடின் தலையில் தொப்பி மாதிரி மாட்டி, ஏற்றி இறக்கி மட்டம் பார்த்து, போல்ட்டைத் திருகினால் நின்றுவிடும். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு மத்தியானத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

இப்படி வைத்தால் கான்கிரீட்டுக்குள் இருப்பது விரல் கனத்து ராடு மட்டும்தான். தொப்பி, போல்ட்டு, பைப்பு எல்லாம் மேலே. மட்டப்பலகையின் இரண்டு முனையிலும் காது மாதிரி ஒரு இரும்புப் பட்டையைத் திருகிவிடுங்கள். காது பைப்பின் மேல் உட்கார்ந்து நகரும், பலகை ஒன்றரை அங்குலம் கீழே தளத்தை வழித்துக்கொண்டு வரும். ஓரப் பலகையின் மேலும் அதே உயரத்துக்கு ஒரு ரீப்பர் (மரச்சட்டம்) அடித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் காதுக்கும் இடம் கிடைத்துவிடும். பைப்புக்கு நேர் கீழே மூன்று அங்குலம் பலகை தொடாமல் நிற்கும். அதை மணியாசுக் கட்டையால் (தேய்ப்புப் பலகை) கையில் தேய்த்துக்கொள்ளலாம்.

உங்கள் களத்துக்குக் கணக்கு இப்படி வரும். 30 அடியை நாலு பாத்தியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7½ அடி. நடுவில் மூன்று தண்டவாளம். களத்தில் தண்ணீர் வடிய வாட்டம், அதாவது சரிவு, வேண்டுமில்லையா? நூற்றுக்கு ஒன்று வைத்தால், 15 அடியில் நிற்கிற நடுத் தண்டவாளம் ஓரத்தைவிட 1¾ அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருக்கும். அதுதான் உங்கள் களத்துக்கு முகடு. இடையில் இருக்கும் இரண்டும் அதில் பாதி உயரம். டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டு, இந்த அளவைச் சேர்த்துத் தொப்பியைத் திருகிக்கொள்ளுங்கள். ராடுக்கு ராடு 4 அடிக்கு மேல் விடாதீர்கள். விட்டால் பைப்பே தொய்யும்.

பைப்பு 10 அடித் துண்டாக இருக்கட்டும். மூன்று வரிசைக்கும் 60 அடி முழுக்கப் பைப்பு வாங்க வேண்டியதில்லை. வரிசைக்கு இரண்டு துண்டு போதும். ஒரு துண்டு இருக்கிற நீளம் வழித்து முடிந்ததும் அதைத் தூக்கி, முன்னால் இருக்கிற துண்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைப்பது. தவளை தாண்டுகிற மாதிரி. ராடை மட்டும் முதல் நாளே 60 அடிக்கும் அடித்து மட்டம் பார்த்து வைத்துவிடுங்கள். ஊற்றும் நேரத்தில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது.

ராடை எடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. நேராக இழுக்காதீர்கள். பைப்பு ரெஞ்சால் பிடித்து முதலில் கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் திருப்புங்கள். கான்கிரீட் விட்டுவிட்டது என்று கைக்கே தெரியும். அதற்கப்புறம் திருகிக்கொண்டே தூக்கினால் வெண்ணெயில் இருந்து எடுத்த மாதிரி வரும். ஓட்டையில் அதே கலவையைப் போட்டு ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். சிமெண்ட் பாலை ஊற்றி மூடினால் அந்த இடம் சுருங்கி, வட்டமாக விரிசல் விடும். இதற்காகவே ஒரு சட்டி கலவையை ஈரச்சாக்குப் போட்டு மூடி ஓரமாக வைத்திருங்கள். ஒரே ஒரு ஆளுக்கு இது மட்டும்தான் வேலை என்று சொல்லிவிடுங்கள். அவர் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடப் போகக் கூடாது, முன்னாலேயே சாப்பிட்டுவிட வேண்டும். சிமெண்ட் இறுக ஆரம்பிக்க அரை மணியாவது ஆக வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் குறைந்தபட்சம். நடைமுறையில் அதைவிட அதிக நேரம் கிடைக்கும்தான். ஆனால் நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் நான் அந்த அரை மணியைத்தான் கணக்கில் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. தண்டவாளம் நின்ற அதே கோட்டில் மறுநாள் கட்டரால் ஒன்றேகால் அங்குல ஆழத்துக்கு வெட்டு போட்டுவிடுங்கள். குறுக்கே 10 அடிக்கு ஒரு வெட்டு. கான்கிரீட் சுருங்கும்போது எங்காவது விரிசல் விட்டே தீரும், அதற்கு நாமே இடம் காட்டிவிடுகிறோம். ராடு எடுத்த ஓட்டையெல்லாம் அந்தக் கோட்டில் இருப்பதால் எந்தக் குறை இருந்தாலும் அங்கேயே அடங்கிவிடும்.

ஒன்றுவிட்டு ஒன்று பாத்தியாக இரண்டு நாளில் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். வீட்டு மிஷினில் கலக்கினால் அதுவே லேசு. ஆனால் 30-க்கு 60, 5 அங்குலம் என்றால் 750 கன அடி, அதாவது 21 கன மீட்டருக்கு மேல். ரெடிமிக்ஸ் லாரி நாலு நடை வந்து வாசலில் நிற்கிறபோது ஒரே நாளில் முடிப்பதுதான் நடக்கும்.

கேள்வி: எங்கள் குடோன் தரைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறோம். நடுத் தண்டவாளத்துக்கு ராடு அடித்தால் ஷீட் ஓட்டையாகுமே?
ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ஆகும். அடிக்காதீர்கள். அரையடிச் சதுரத் தகட்டின் நடுவில் ஒரு நட்டை வெல்டு வைத்து, தகட்டை ஷீட்டின்மேல் படுக்க வையுங்கள். தகட்டின் ஓரம் கிழிக்காமல் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ராடின் கீழ்முனையில் மரை போட்டு அந்த நட்டில் திருகினால் நிற்கும். அசையாமல் இருக்கத் தகட்டின் மேல் முதலிலேயே இரண்டு சட்டி கலவையைக் கொட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் ராடு கழன்று வந்துவிடும், தகடு மட்டும் அடியில் தங்கும். அது கனமான தளத்தின் அடியில் இருப்பதால் தொந்தரவு இல்லை.

கேள்வி: தம்பி, பேரன் புதிதாகக் கட்டும் வீட்டில் ஹாலுக்கு ரூஃப் போட்டு இன்றோடு ஏழு நாள். ஹால் 16 அடிக்கு 20 அடி. ஒப்பந்தக்காரர் நாளைக்கு முட்டைப் பிரிக்கிறேன் என்கிறார். “ஒரு வாரம் ஆயிருச்சுல்ல ஆச்சி, கல்லாயிருச்சு” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பச்சி காலத்தில் எல்லாம் இந்தக் கான்கிரீட்டே கிடையாது, அதனால் எனக்கு விவரம் தெரியாது.
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் மனசு சொன்னதுதான் சரி, ஆச்சி. நாளைக்கு வேண்டாம்.

கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்று ஒரு இந்தியத் தர விதி உண்டு. சுவருக்குச் சுவர் தூரம் 4½ மீட்டர் வரை இருக்கும் தளத்துக்கு 7 நாளில் முட்டெடுக்கலாம், அதைத் தாண்டினால் 14 நாள் என்று அதில் இருக்கிறது. நாலரை மீட்டர் என்பது பதினாலே முக்கால் அடி. உங்கள் ஹால் குறுகலான பக்கமே 16 அடி. ஆக, 14 நாள். ஹாலில் உத்திரம் இருந்தால், 6 மீட்டர் வரை அதன் முட்டுக்கும் 14 நாள், அதற்கு மேல் நீண்டால் 21 நாள். இதெல்லாம் சாதாரண ஓ.பி.சி. சிமெண்ட்டுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் பேரனை சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) என்று போட்டிருந்தால் அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். நானாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் கூட்டி, மூன்று வாரம் விட்டுவிடுவேன்.

ஒப்பந்தக்காரர் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். ஜாக்கிக்கும் (முட்டாக நிற்கும் இரும்புக் கால்) ஷீட்டுக்கும் (தளத்துக்கு அடியில் பரப்பிய இரும்புத் தகடு) நாள் வாடகை ஓடுகிறது. அடுத்த ஊரில் இன்னொரு ரூஃப் அந்த ஜாக்கிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நானும் அந்தக் கணக்கைப் பார்த்துக் கண் விழித்தவன்தான். அவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்: ஷீட்டை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும், முட்டு நிற்கட்டும். ஆனால் மொத்தத்தையும் பிரித்துக் கீழே போட்டுவிட்டு அப்புறம் முட்டை நிறுத்துவது கதையாகாது. ஒரு வரிசை ஷீட்டைக் கழற்றியதும் அந்த வரிசைக்கு ஜாக்கியை மறுபடி நிறுத்தி இறுக்கிவிட்டுத்தான் அடுத்த வரிசையைத் தொட வேண்டும்.

உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? 5 அங்குலத் தளம் ஒரு சதுர அடிக்கு 29 கிலோ. 320 சதுர அடிக்கு ஒன்பது டன்னுக்கு மேல். லாரிக் கணக்கில் பேச வேண்டிய எடை.

14 நாள் ஆனபிறகும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள், ஆச்சி. நடு ஹாலில் இருக்கும் முட்டில் ஆரம்பித்துச் சுவரை நோக்கி வர வேண்டும். ஏன் தெரியுமா? தளத்தில் கம்பி அடிப்பக்கம்தான் கட்டியிருப்பார்கள், சுவரோரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே வளைத்திருப்பார்கள். நடுவில் தொய்யப் பார்க்கும்போது அடிப்பக்கம் இழுபடும், அங்கே கம்பி இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். சுவரோரம் இருக்கிற முட்டையெல்லாம் எடுத்துவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் விட்டால் தளம் அந்த ஒற்றை முட்டின்மேல் குடை மாதிரி நிற்கும். அப்போது மேல்பக்கம் இழுபடும். நடு ஹாலில் மேல்பக்கம் கம்பியே கிடையாது. பொட்டென்று விரிசல் விட்டுவிடும், மாடியில் தண்ணீர் தேங்கியபிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் இதற்கு நேர்மாறு. அவற்றுக்குக் கம்பி மேல்பக்கம். வெளி நுனியில் இருந்து ஆரம்பித்துச் சுவர்ப்பக்கம் வர வேண்டும். அதோடு, பால்கனி முன்னால் கவிழாமல் பிடித்துக்கொள்வதே பின்னால் இருக்கும் சுவரின் பாரம்தான். அந்தச் சுவர் வேலை முடியாமல் அதில் கை வைக்க விடாதீர்கள்.

சவுக்குக் கம்பாக இருந்தால் அடியில் இருக்கிற ஆப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்த வேண்டும். சம்மட்டியால் கம்பின் காலை ஓங்கி அடித்துச் சாய்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அதைக் கண்டால் எழுந்து சத்தம் போடுங்கள். அந்த அதிர்ச்சி தளத்துக்குப் போகும். அடிக்கிற ஆளின் தலைக்கும் ஆபத்து.

ஏழு நாளாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். நிற்காவிட்டால் முட்டைப் பற்றிய பேச்சே அப்புறம். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுப்பதற்கும் அரசியல்வாதிக்கு முட்டுக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?
ஒரு வாசகர், குன்றக்குடி

பதில்: சென்ட்ரிங் முட்டை 21 நாளில் எடுத்துவிடலாம்.

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. பட்டாலைக்கு (கூடம்) மேல் தேக்குக் கட்டை ஒன்று சுவருக்குள் போகிற முனையில் மக்கிவிட்டது. கட்டை மாற்றும் வரை முட்டுக் கொடுக்க வேண்டும். தரை ஆத்தங்குடிக் கல். எப்படிக் கொடுப்பது?
ஒரு வாசகர், சென்னை

பதில்: கான்கிரீட்டுக்குக் கொடுக்கிற முட்டு வேறு, இது வேறு. அங்கே ஈரமாக இருப்பதைத் தாங்குகிறோம். இங்கே நூறு வருஷமாகக் காய்ந்து ஒரு நிலைக்கு வந்துவிட்டதைத் தாங்குகிறோம். கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். என் அம்மா அந்த வரிசையில் உட்கார்ந்தவர். தட்டுகிற தாளம் தப்பினால் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பாராம். அப்படித் தட்டி இறுக்கிய தளம் அழுத்தத்தைத் தாங்கும், வளைத்தால் உடைந்துவிடும்.

அதனால் ஜாக்கியைத் திருகித் தளத்தைத் தூக்கப் பார்க்காதீர்கள். தொய்ந்திருக்கிறதே, கொஞ்சம் ஏற்றிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். ஏற்றினால் மேலே விரிசல், முதல் மழையிலேயே ஒழுகும். மக்கிய கட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டைகளைச் சேர்த்து, ஐந்துக்கும் குறுக்காக ஒரு கனத்த மரத்தைக் கீழே கொடுங்கள். சுவரில் இருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், கட்டையை வெளியே உருவ இடம் வேண்டும். அந்த மரத்துக்குக் கீழே 4 அடிக்கு ஒரு ஜாக்கி. கையால் திருகுகிற அளவுக்கு இறுக்கினால் போதும், நெம்புகோல் வேண்டாம். பக்கத்துக் கட்டையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். முதலில் ‘டங்’ என்று கேட்ட சத்தம், முட்டு பாரத்தை வாங்கியதும் ‘டொக்’ என்று அடங்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பது, சூளையில் சுட்டது கிடையாது. ஜாக்கியின் நாலங்குலத் தகட்டை நேராக அதன்மேல் வைத்தால் கல் பிளந்துவிடும். பிளக்காவிட்டாலும் துருக்கறை ஊறும். ஊறிய கறையை எடுக்கிறேன் என்று ஆசிட் ஊற்றினால் பூவும் போய்விடும், கல்லும் போய்விடும். சுத்தமான பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஒன்றரை அங்குலக் கனத்தில், ஒரு அடி அகலத்தில் நீளப் பலகை, அதன்மேல் ஜாக்கி. ஒரே பலகையில் இரண்டு மூன்று ஜாக்கி நின்றால் பாரம் பரவும். ஜாக்கி மரைக்கு எண்ணெய் விடுவதாக இருந்தால் வாசலிலேயே விட்டுத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டு வரச் சொல்லுங்கள்.

புதுக் கட்டையை வைத்து, முனையைச் சுற்றிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்த பிறகும் அவசரம் வேண்டாம். சுண்ணாம்பு நிதானமானது. நான் ஒரு மாதம் விடுவேன். அப்புறமும் ஒரே நாளில் கழற்றாமல் தினம் கால் சுற்று, ஒரு வாரத்துக்குத் தளர்த்துவேன். சென்னையில் இருந்துகொண்டு போனில் இந்த வேலையைப் பார்க்க முடியாது. அந்த ஒரு வாரமாவது ஊருக்கு வந்து இருங்கள்.

கேள்வி: தோட்டத்தில் தரைக்கு மேலே 5 அடி உயரத்துக்குக் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி கட்டினோம். சுவரில் இரண்டடிக்கு ஒன்றாக வரிசைவரிசையாக ஈரப்புள்ளி தெரிகிறது. கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி இருக்கிறது. ஏன்?
ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: கோலம் போட்டவர் உங்கள் சென்ட்ரிங்காரர்தான், அம்மா. 5 அடி உயரத்தையும் ஒரே மூச்சில் ஊற்றினால் ஈரக் கான்கிரீட் அடிப் பலகையைச் சதுர அடிக்குச் சுமார் 350 கிலோ வரை வெளியே தள்ளும். இரண்டு பக்கத்துப் பலகையும் விலகாமல் இருக்க, சுவருக்குக் குறுக்காகப் போல்ட்டு போட்டு இறுக்குவார்கள். போல்ட்டைத் திரும்ப எடுப்பதற்காக அதைப் பி.வி.சி. குழாய்க்குள் விடுவார்கள். வீட்டுச் சுவருக்கு அது நல்ல வழி. தண்ணீர்ச் சுவருக்கு அது உள்ளேயிருந்து வெளியே போட்ட வாய்க்கால். குழாய் உள்ளேயே இருக்க, முகத்தில் மட்டும் சாந்தை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தொட்டிக்கு என்றால் நடுத்துண்டு சுவரிலேயே தங்கி, இரண்டு முனை மட்டும் கழன்று வருகிற போல்ட்டைப் போட்டிருக்க வேண்டும். தங்குகிற துண்டின் நடுவில் தண்ணீரைத் தடுக்க ஒரு வட்டத் தகடு இருக்கும். இனி ஊற்றுவதாக இருந்தால் அதைக் கேளுங்கள்.

இருக்கிற ஓட்டைகளை அடைக்கலாம். தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் டிரில் போட்டு அந்தப் பி.வி.சி. குழாயை முழுக்கச் சுரண்டி எடுங்கள். குழாயின் வழவழப்பில் எந்தச் சாந்தும் ஒட்டாது, அதுதான் முக்கியம். ஓட்டையைத் தண்ணீரால் கழுவி, ஈரம் மட்டும் இருக்கும்படி விட்டு, சுருங்காத கிரவுட் என்று விற்கிற பொடியைப் புட்டு மாவு பதத்துக்குப் பிசைந்து, ஒரு கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து இடித்து நிரப்புங்கள். தொட்டிக்கு உள்ளேயிருந்து அடைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரின் அழுத்தம் அடைப்பை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கும். வெளியிலிருந்து அடைத்தால் அதே அழுத்தம் அதைப் பிதுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்துவிட்டு, அப்புறம் பாதி அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு இரண்டு நாள் பாருங்கள்.